டிஸ்க் ஓரத்தில் அச்சிட்ட எண்

பல்லுக்குக் கேப் (கிரவுன்) வெட்டி எடுக்கிற வட்டமான ஜிர்கோனியா டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுத்தால், ஷேட், உயரம், லாட் நம்பர் ஆகியவற்றோடு 1.2250 என்பது போல நாலு தசமம் வரை போகிற ஓர் எண்ணும் இருக்கும். டிஸ்க்கின் ஓரத்திலோ பெட்டியின் லேபிளிலோ அச்சிட்டிருப்பார்கள். சென்னையில் கேப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிற நோயாளியின் கையில் பத்து வருஷம், பதினைந்து வருஷம் என்று வாரன்டி கார்டு இருக்கும். அதில் இந்த எண் இருக்காது. கார்டு டிஸ்க்கின் தரத்துக்குச் சாட்சி சொல்கிறது. ஆனால் அந்த டிஸ்க் வாய்க்குப் போவதற்குள் டென்டல் லேபில் நடப்பவைதான் கிரவுனின் ஆயுளை முடிவு செய்கின்றன. அதில் முக்கால்வாசி, பொருள் மெத்தென்று இருக்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. தவறு அப்போது கண்ணில் படாது. சுட்டெடுத்த பிறகு, திருத்த முடியாத நிலையில்தான் தெரியும். அதனால் டிஸ்க்கை மெஷினில் வெட்டும் மில்லிங் பற்றிப் பேசுவதென்றால் உலையைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

முதலில் பொருள். ஜிர்கோனியா என்பது ஜிர்கோனியம் டைஆக்சைடு. மூலப்பொருளான ஜிர்கான் மணல் நமக்குத் தூரத்துச் சொந்தம் இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இல்மனைட், கார்னெட்டோடு சேர்த்துப் பிரித்தெடுக்கிறார்கள். ஆனால் மணலிலிருந்து பல் கேப்புக்கு ஏற்ற நுண்பொடி வருவதற்குள் நீண்ட வேதியியல் பயணம் இருக்கிறது. பல டிஸ்க் கம்பெனிகள் பொடியைத் தாங்களே தயாரிப்பதும் இல்லை. ஜப்பானின் டோசோ போன்ற நிறுவனங்களிடம் வாங்கி, அழுத்தி, அரைகுறையாகச் சுட்டு, தங்கள் பெயரில் விற்கிறார்கள். பெட்டி மாறினாலும் உள்ளே இருக்கும் பொடி ஒன்றாகவே இருக்கலாம் என்பது விலை பேசும்போது நினைவில் வைக்க வேண்டியது.

சுத்தமான ஜிர்கோனியாவைச் சுட்டு ஆறவைத்தால் அது தானாகவே நொறுங்கும். சுமார் 1170 டிகிரி செல்சியஸுக்கு மேல் அதன் படிகம் டெட்ராகோனல் வடிவில் இருக்கிறது. ஆறும்போது மோனோகிளினிக் வடிவத்துக்குத் திரும்பி, 4 முதல் 5 சதவீதம் வரை பருமனில் வீங்குகிறது. கொஞ்சம் இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) கலந்தால் டெட்ராகோனல் வடிவம் அறை வெப்பநிலையிலும் நின்றுவிடுகிறது. விரிசல் ஒன்று ஓட ஆரம்பித்தால், அதன் முனையில் இருக்கும் படிகங்கள் அப்போதுதான் வடிவம் மாறி வீங்கி, விரிசலை நெருக்கி நிறுத்துகின்றன. கார்வி, ஹானிங்க், பாஸ்கோ என்ற மூவர் ஆஸ்திரேலியாவிலிருந்து 1975ல் இதை வெளியிட்டார்கள். ஜிர்கோனியாவின் பேர்பெற்ற உறுதியில் பெரும்பகுதி இந்தக் குணத்திலிருந்து வருகிறது.

இட்ரியாவின் அளவை மோல் சதவீதக் கணக்கில் (மூலக்கூறு எண்ணிக்கையில்) 3ஒய், 4ஒய், 5ஒய் என்கிறோம். எடைக்கணக்கில் இவை சுமார் 5, 7, 9 சதவீதம். டேட்டா ஷீட்டில் எந்தக் கணக்கு என்று பார்க்காமல் 5 என்ற எண்ணைக் கண்டு 5ஒய் என்று நினைத்துவிடுகிறவர்கள் உண்டு. இட்ரியா கூடக்கூட கியூபிக் படிகம் கூடும், ஒளி ஊடுருவும், அழகு வரும், உறுதி குறையும். வளைவுறுதி (வளைத்தால் உடையாமல் தாங்கும் அளவு) 3ஒய்யில் 900 முதல் 1200 மெகாபாஸ்கல், 4ஒய்யில் 700ஐ ஒட்டியும் அதற்கு மேலும், 5ஒய்யில் 500 முதல் 700 வரை. 5ஒய்யில் விரிசலை நெருக்கும் அந்த வேலை ஏறக்குறைய நடப்பதே இல்லை. பல் பீங்கானுக்கான ஐஎஸ்ஓ 6872 தரப்படி கடைவாய்ப் பல் சேர்ந்த மூன்று யூனிட் பிரிட்ஜுக்கு (மூன்று பற்களைச் சேர்த்துச் செய்த கேப்புக்கு) 500, நான்கு யூனிட்டும் அதற்கு மேலும் என்றால் 800 மெகாபாஸ்கல் வேண்டும். ஆகவே “சூப்பர் டிரான்ஸ்லூசன்ட்” டிஸ்க்கில் ஐந்து யூனிட் கடைவாய் பிரிட்ஜ் கேட்டு வரும் ஆர்டரை லேப் மறுக்க வேண்டும். அழகாக வரும், அனுப்பும் அன்று டாக்டரும் பாராட்டுவார், பிறகு பல்லையும் பல்லையும் இணைக்கும் கனெக்டரில் ஒடியும்.

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். டிஸ்க் முழுதாகச் சுட்டது இல்லை. பொடியை அழுத்தி 900 முதல் 1100 டிகிரி வரை சூடாக்கி, துகள்கள் கழுத்தோடு கழுத்து ஒட்டிய நிலையில் நிறுத்தியிருக்கிறார்கள். கையில் பிடித்தால் சாக்பீஸ் மாதிரி. நகத்தால் கீறினால் கோடு விழும். ஏறக்குறைய பாதி இடம் காற்று. முழுதாகச் சுடும் சிண்டரிங்கில் அந்தக் காற்று வெளியேறி எல்லாத் திசையிலும் சுருங்கும். 1.2250 என்றால் கிரவுனை 22.5 சதவீதம் பெரிதாக வெட்ட வேண்டும் என்று பொருள், சுருக்கம் 18.4 சதவீதம். 22.5 சதவீதம் சுருங்கும் என்று சொல்வது தவறு. பருமனில் பார்த்தால் 45 சதவீதத்துக்கு மேல் காணாமல் போகிறது.

ஒவ்வொரு லாட்டுக்கும் இந்த எண் மாறும், ஏனென்றால் அழுத்திய பொடியின் அடர்த்தி லாட்டுக்கு லாட் மாறுகிறது. மெஷினுக்கு வெட்டும் வழி சொல்லும் கேம் (CAM) சாஃப்ட்வேரில் புது டிஸ்க்கை ஏற்றும்போது பழைய டிஸ்க்கின் பதிவை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவது லேப்களில் சாதாரணமாக நடக்கிற காரியம். 1.2250 இருக்க வேண்டிய இடத்தில் 1.2350 இருந்தால் என்ன ஆகும்? 10 மி.மீ. அகல கிரவுனில் 80 மைக்ரான் வித்தியாசம். கேப்பைப் பல்லில் ஒட்டும் சிமென்ட் இடைவெளிக்கு நாம் ஒதுக்குவதே 40, 50 மைக்ரான்தான். 45 மி.மீ. நீள பிரிட்ஜில் அதே பிழை 0.37 மி.மீ. ஆகிறது, அந்த பிரிட்ஜ் அதைத் தாங்கும் எந்தப் பல்லிலும் உட்காராது. சில கம்பெனிகள் கிடைமட்டத்துக்கு ஓர் எண்ணும் உயரத்துக்கு இன்னொரு எண்ணும் தருகின்றன. இரண்டையும் போட இடமில்லாத சாஃப்ட்வேரில் சராசரி எடுத்துப் போடாதீர்கள், டிஸ்க்கை மாற்றுங்கள்.

டாக்டரிடமிருந்து வரும் புகார் பெரும்பாலும் ஒரே வரி: “கேப் உட்கார மாட்டேங்குது” அல்லது “லூஸா இருக்கு”. அந்த வரியை வைத்து எதையும் திருத்தக் கூடாது. பக்கத்துப் பல்லோடு காண்டாக்ட் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்டால் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும். உள்ளே டைட், வெளியே காண்டாக்ட் திறந்திருக்கிறது என்றால் கிரவுன் முழுதும் சிறிதாகிவிட்டது. பெருக்க எண் குறைவாகப் போயிருக்கிறது. உள்ளே லூஸ், வெளியே காண்டாக்ட் டைட் என்றால் முழுதும் பெரிது: ஒன்று எண் கூடிவிட்டது, அல்லது உலை போதுமான சூட்டுக்குப் போகாமல் கிரவுன் சுருங்காமல் நின்றுவிட்டது. பின்னதில் கிரவுன் சுண்ணாம்பு வெள்ளையாக, உயிரில்லாமல் தெரியும். சந்தேகமென்றால் ஓரத்தில் மைப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துத் துடைத்துப் பாருங்கள். நன்றாகச் சுட்டதில் மை இறங்காது. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் நகைக்கடைகளில் இருப்பது போன்ற அடர்த்தித் தராசில் காற்றிலும் நீரிலும் எடை போடலாம். 3ஒய் என்றால் ஒரு கன செ.மீ.க்கு 6.05 கிராமை ஒட்டி வர வேண்டும்.

மூன்றாவது சேர்க்கைதான் அதிகம் ஏமாற்றுவது: உள்ளேயும் டைட், வெளியே காண்டாக்டும் டைட். எண் சரி, உலையும் சரி. மெஷினின் வெட்டுக் கருவியான பர் தேய்ந்திருக்கிறது. 1 மி.மீ. என்று மெஷின் நம்புகிற பர் 0.94 ஆகிவிட்டால், அது தொடும் எல்லாப் பரப்பிலும் ஒரு மெல்லிய தோலை வெட்டாமல் விட்டுவிடும். உள் சுவரில் விட்டது கேப்பை டைட் ஆக்கும். வெளிச் சுவரில் விட்டது காண்டாக்ட்டை டைட் ஆக்கும். இந்த இடத்தில்தான் டெக்னீஷியன் கிரவுனை வடிவமைக்கும் கேட் (CAD) சாஃப்ட்வேருக்குப் போய் சிமென்ட் இடைவெளியை 50லிருந்து 80 ஆக ஏற்றுகிறார். ஒரு வாரம் எல்லாம் நன்றாக உட்காரும். புது பர் போட்ட அன்று எல்லா கேப்பும் லொடலொடவென்று ஆடும். இடைவெளியை ஒரு தடவை, புது பரோடு, தெரிந்த மாடலில் சோதித்து நிர்ணயித்துவிட்டால் அப்புறம் அதைத் தொடக் கூடாது.

நான்காவது: பக்கச் சுவர் சரி, காண்டாக்ட் சரி, ஆனால் கிரவுன் மேலே நின்று ஆடுகிறது, கிரவுனின் விளிம்பான மார்ஜின் சுற்றிலும் ஒரே அளவுக்குத் திறந்திருக்கிறது. உள் கூரை ஆழமாக வெட்டப்படவில்லை. பர் நீளத்தை அளக்கும் சென்சர் மேல் தூசி படிந்திருந்தால், பர் தூசியைத் தொட்டதையே சென்சரைத் தொட்டதாக மெஷின் எடுத்துக்கொள்ளும். பர் உண்மையைவிட நீளம் என்று நினைத்துக் குறைவாக இறங்கும். சென்சரின் தலையைத் தினமும் காலையில் துடைப்பது அரை நிமிட வேலை. இதே அறிகுறி பல்லைத் தயார் செய்த விதத்திலிருந்தும் வரலாம். அதற்கு பர் விட்டத்தின் கணக்கு தெரிய வேண்டும்.

மில்லிங் நடப்பது பெரிதாக்கிய உருவத்தில். எனவே 1 மி.மீ. பர், சுட்ட பிறகு 0.82 மி.மீ. பர் வெட்டியதற்குச் சமம், 0.6 மி.மீ. பர் 0.49க்குச் சமம். டாக்டர் கீழ் முன்பல்லைச் செதுக்கி வெட்டுமுனையை 0.6 மி.மீ. தடிப்புக்குக் கொண்டுவந்துவிட்டால் 1 மி.மீ. பர் அதற்கான கேப்பின் உள்பள்ளத்துக்குள் இறங்கவே முடியாது. சாஃப்ட்வேர் இரண்டில் ஒன்று செய்யும். பர் காம்பென்சேஷன் போட்டிருந்தால் பர் நுழையும் அளவுக்கு உள்ளே அதிகம் தோண்டும்: கேப் உட்காரும், ஆனால் முனையில் சுவர் மெலியும், சிமென்ட் குளம் கட்டும். போடாவிட்டால் கேப் உட்காராது. இதற்கு லேபில் முழு மருந்து கிடையாது. வெட்டுமுனையும் உள்கோணங்களும் உருண்டையாக, 0.9 மி.மீ.க்குக் குறையாமல், மார்ஜின் தெளிவான சேம்ஃபராக (உருண்ட சரிவாக) அரை மி.மீ. ஆழத்தில் இருக்க வேண்டும் என்று டாக்டரிடம் ஸ்கேன் படத்தோடு சொல்லிவிடுவதே நல்லது. ஷோல்டர் என்ற படி போன்ற மார்ஜினின் மூலையைக் கூராக வெட்டித் தந்தால் கூடுதல் பிடிப்பு கிடைக்கும் என்ற எண்ணம் உலோகக் கேப் காலத்தது.

தடிப்பு விஷயம் சுருக்கமாக: 3ஒய்யில் கடைவாய்க்குச் சுவர் 0.6, கடிக்கும் மேற்பரப்பு 0.7 மி.மீ.க்குக் கீழே போக வேண்டாம். 5ஒய் என்றால் மேற்பரப்பில் 1 மி.மீ.யாவது வேண்டும். பிரிட்ஜ் கனெக்டருக்கு 3ஒய்யில் முன்புறம் 7 சதுர மி.மீ., பின்புறம் 9, நடுவில் இரண்டு பான்டிக் (இல்லாத பல்லுக்குப் பதிலாக வரும் பல்) இருந்தால் 12. டிஸ்க் கம்பெனியின் கையேடு இதைவிட அதிகம் கேட்டால் அதையே பின்பற்றுங்கள். பரப்பளவு மட்டும் போதாது, உயரம் முக்கியம். வளைவைத் தாங்கும் திறன் அகலத்தோடு நேராகவும் உயரத்தோடு இருமடிப் பெருக்காகவும் கூடுகிறது. 12 சதுர மி.மீ. கனெக்டரை 3 அகலம், 4 உயரம் என்று வைத்தால் கிடைக்கும் உறுதி, 4 அகலம், 3 உயரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். டிஸைனில் பற்களைத் தனித்தனியாகக் காட்ட ஈறுப் பக்கத்திலிருந்து ஆழமான V வெட்டு வைப்பவர்கள், வாய்க்குள் இழுவிசை அதிகம் விழுகிற இடத்திலேயே கூரான பள்ளம் போடுகிறார்கள். பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் முகப்புப் பக்கம் காட்டுங்கள். ஈறுப் பக்கத்தை U மாதிரி விடுங்கள்.

டிஸ்க்கில் இடம் ஒதுக்குவதில் கணக்கும் உண்டு, கஞ்சத்தனமும் உண்டு. சாதாரண டிஸ்க் 98.5 மி.மீ. விட்டம், உயரம் 10லிருந்து 25 மி.மீ. வரை கிடைக்கிறது. 10 மி.மீ. உயரக் கேப் பெரிதாக்கினால் 12.25. மேலும் கீழும் பர் சுற்ற இடம் விட்டால் 14 மி.மீ. டிஸ்க் மட்டுமட்டு, 16 நிம்மதி. பல அடுக்கு டிஸ்க்கில் கிரவுனை மேலும் கீழும் நகர்த்தினால் ஷேட் மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். சில டிஸ்க்கில் நிறம் மட்டும் அடுக்கு மாறுகிறது, சிலவற்றில் இட்ரியாவே மாறுகிறது: மேலே 5ஒய், கீழே 3ஒய் அல்லது 4ஒய். இரண்டாவது வகையில், வெட்டுமுனை அழகாக வர வேண்டும் என்று பிரிட்ஜை மேலே தள்ளினால் கனெக்டர் பலவீனமான அடுக்குக்குள் போய்விடும். பெட்டியின் மேல் 1100 மெகாபாஸ்கல் என்று எழுதியிருப்பது கீழ் அடுக்கின் கதை.

கிரவுனை டிஸ்க்கோடு பிடித்துவைக்கும் காம்பான ஸ்ப்ரூ தனிக் கிரவுனுக்கு இரண்டோ மூன்றோ போதும், 2 மி.மீ. சொச்சம் தடிப்பில். மார்ஜினிலும் காண்டாக்ட் இடத்திலும் வைக்கக் கூடாது; சுட்ட பிறகு அங்கே தேய்க்க வேண்டி வந்தால் ஃபிட் போய்விடும். முழு வளைவு பிரிட்ஜ் என்றால் நடுவில் குறுக்குப் பாலம் வைத்துக் குதிரை லாட வடிவம் விரியாமல் பிடிக்க வேண்டும். அந்தப் பாலத்தோடேயே உலையில் வைத்து, சுட்ட பிறகு வெட்ட வேண்டும். பாலம் ஒரு பக்கம் தடிப்பாக, மறு பக்கம் மெல்லியதாக இருந்தால் தடித்த பக்கம் தாமதமாகச் சுருங்கி மெல்லிய பக்கத்தை இழுத்துக்கொண்டு போகும்.

வெட்டுவது உலர் மில்லிங். கரடுக்கு 2 அல்லது 2.5 மி.மீ. பர், நடுவேலைக்கு 1, பள்ளங்களுக்கு 0.6 அல்லது 0.5. மூன்றாவது பரை நேரம் மிச்சம் என்று விடுவதால் கடைவாய்ப் பல்லின் பள்ளங்கள் வழவழவென்று அப்பளமாகி, கையால் தோண்ட வேண்டி வரும். பூச்சில்லாத கார்பைடு பர் வேகமாகத் தேயும். வைரப் பூச்சு விலை கூடுதல், ஆனால் யூனிட் கணக்குப் பார்த்தால் மலிவு. பூச்சு படிப்படியாகத் தேயாது, உரிய ஆரம்பித்தால் ஒரே நாளில் உரிந்துவிடும். ஆகவே யூனிட் எண்ணிக்கையை நம்புவதோடு, முனையை லூப் (உருப்பெருக்கி) வைத்துப் பார்ப்பதும் தேவை. மார்ஜின் பொட்டுப்பொட்டாக உடைந்தால் முதல் சந்தேகம் பர் மேல், அடுத்து பரைப் பிடிக்கும் காலெட் மேல். காலெட்டுக்குள் ஜிர்கோனியாத் தூசி ஏறினால் பர் மையத்தை விட்டு ஆடும். வாரம் ஒருமுறை காலெட்டைக் கழற்றித் துடைத்து, அதற்கென்று தரும் கிரீஸை மெலிதாகத் தடவுங்கள். டயல் கேஜ் வைத்து ஆட்டத்தை அளக்க அம்பத்தூர், கிண்டி எஸ்டேட்டில் சிஎன்சி வேலை பார்த்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல மில்லிங் ஆள் வேண்டுமென்றால் பல் படிப்பு படித்தவரைவிட அங்கிருந்து வந்தவர் சில வேளை மேல். கிரவுனின் இடுப்பில், மேல் வெட்டும் கீழ் வெட்டும் சேரும் இடத்தில் படிக்கட்டு போல ஒரு கோடு தெரிந்தால் அது பர் பிரச்சினை இல்லை. டிஸ்க்கைப் புரட்டும் அச்சு விலகியிருக்கிறது. மெஷினை கேலிப்ரேட் செய்ய வேண்டும்.

ஒரே மெஷினில் கோபால்ட் குரோம், மெழுகு, பிஎம்எம்ஏ (அக்ரிலிக் பிளாஸ்டிக்), ஜிர்கோனியா எல்லாம் வெட்டுவது சிக்கனம்தான். ஆனால் உலோகத் துகள் ஒன்று மெத்தென்ற ஜிர்கோனியாவில் ஒட்டினால் சுட்ட பிறகு கரும்புள்ளியாகவோ பச்சைத் திட்டாகவோ நிரந்தரமாகத் தங்கும். உலோகம் வெட்டிய அன்று ஜிர்கோனியா ஏற்றாதீர்கள்.

சென்னைக்கே உரிய தொல்லை காற்றில் இருக்கும் ஈரம். மில்லிங் மெஷினுக்குள் ஊதும் காற்று கம்ப்ரஸரிலிருந்து வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மட்டுமல்ல, மே மாதக் கடல்காற்றிலும் தொட்டியின் அடியில் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும். சாதாரண ஃபில்டர் தண்ணீர்த் துளியைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. காற்றைக் குளிரவைத்து ஈரத்தை எடுக்கும் ரெஃப்ரிஜரேட்டட் ட்ரையர் இல்லாமல் ஓடும் லேபில், ஈரக்காற்று தூசியைக் குழைத்து கிரவுனின் உள்பள்ளத்தில் அப்பிவிடும். பர் அந்த அப்பலின் மேல் ஓடும், தூசி உறிஞ்சும் மெஷினும் அதை இழுக்காது. கம்ப்ரஸர் எண்ணெய் வகையாக இருந்தால் எண்ணெய்ப் புகையும் சேரும். சுடுவதற்கு முன் தடவும் நிறத் திரவம் அந்த இடத்தில் இறங்காது, திட்டுத்திட்டாக வரும். ட்ரையர் வாங்க மனமில்லையென்றால் தொட்டியின் வடிகால் குழாயைக் காலையிலும் மதியமும் திறந்துவிடுவதாவது கட்டாயம். தூசியை உறிஞ்சும் மெஷினுக்கு ஹெப்பா ஃபில்டர் வேண்டும். பை நிறைந்தால் உறிஞ்சல் தளரும், பர் சூடாகும், மார்ஜின் உடையும். பையை மாற்றும் பையனுக்கு என்95 முகக்கவசம் கொடுங்கள். துணியை மூக்கில் கட்டிக்கொண்டு செய்யும் வேலை அல்ல இது.

கரண்ட் விஷயம். மில்லிங் மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஆன்லைன் யூபிஎஸ் போடுவார்கள், உறிஞ்சும் மோட்டாரை விட்டுவிடுவார்கள். கரண்ட் போனால் மெஷின் வெட்டிக்கொண்டே இருக்கும், தூசி எங்கும் போகாது, இரண்டு நிமிடத்தில் பர் புதைந்து ஒடியும். மோட்டாரையும் யூபிஎஸ்ஸில் சேருங்கள், அல்லது மோட்டார் நின்றால் மெஷினும் நிற்கும்படி இணைப்புக் கொடுங்கள். உலையை யூபிஎஸ்ஸில் ஓட்டுவது செலவு தாங்காது; ஜெனரேட்டர்தான். ஆகவே பலர் இரவில் சுடுகிறார்கள். சூடேறும் பாதியில், ஆயிரம் டிகிரிக்குள் கரண்ட் போனால் முதலிலிருந்து ஓட்டலாம். உச்சத்தில் நிற்கும்போது போனால் மறுபடி சுட்டது நல்லதா கெட்டதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. தனிக் கிரவுன் என்றாலும் புதிதாக வெட்டுவதே நியாயம். ஆறும்போது போனால் கதவைத் திறக்காமல் விட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

வெட்டிய கிரவுனை டிஸ்க்கிலிருந்து பிரிக்க மெல்லிய கார்பைடு பர், நிமிடத்துக்கு 10,000 முதல் 15,000 சுற்று, விரலால் அடியில் தாங்கிக்கொண்டு. தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் தூசி உலையில் கிரவுனின் பாகமாகவே ஆகிவிடும்; அப்புறம் அது ஒரு கூழாங்கல். ஸ்டீம், தண்ணீர் கூடாது. எஃகுக் கருவியால் தொட்டால் சாம்பல் கோடு விழும், அது சுட்ட பிறகு தெரியும். மெருகும் பள்ளமும் இந்த நிலையிலேயே போட்டுக்கொள்ளலாம். இங்கே ஐந்து நிமிட வேலை, சுட்ட பிறகு அரை மணி நேரம். நிறத் திரவம் தடவினால் உலோக வளையம் இல்லாத பிரஷ் வேண்டும். தடவிய பிறகு விளக்கின் கீழ் 70, 80 டிகிரியில் முழுக்க உலர்த்த வேண்டும். அவசரத்தில் ஈரத்தோடு உலையில் வைத்தால் கிரவுன் வெடிக்கலாம். அது தப்பினாலும், திரவத்தில் உள்ள அமிலம் ஆவியாகி உலையின் ஹீட்டர் கம்பிகளை அரிக்கும்.

உலைதான் லேபிலேயே குறைவாகக் கவனிக்கப்படுகிற மெஷின். பட்டனை அழுத்தினால் காலையில் கேப் வரும் என்று விட்டுவிடுகிறோம். 2001ல் ஒரே கம்பெனி செய்த இடுப்பு மூட்டுக்கான ஜிர்கோனியாப் பந்துகள் உலக அளவில் குறுகிய காலத்தில் நூற்றுக்கணக்கில் உடைந்தன. பொடி அதே பொடி. தயாரிப்பில் மாறியது ஒன்றுதான்: தனித்தனி பேட்ச்சாகச் சுடும் உலைக்குப் பதில் தொடர்ந்து நகரும் சுரங்க உலைக்கு மாறியிருந்தார்கள். சுட்ட விதம் மாறியதால் படிக அமைப்பு உடல் ஈரத்தில் மெல்ல மோனோகிளினிக்காக மாறத் தொடங்கியது. ஆக, நல்ல பொடியையும் உலை கெடுக்கும்.

சராசரி அட்டவணை இப்படி: 900 டிகிரி வரை நிமிடத்துக்கு 8 முதல் 10 டிகிரி, அங்கிருந்து உச்சம் வரை 3 முதல் 5, உச்சம் 1450 முதல் 1550க்குள், டிஸ்க்குக்கு எது சொல்லியிருக்கிறதோ அது, இரண்டு மணி நேரம் நிறுத்தம், பிறகு மெதுவாக ஆறல், 200 டிகிரிக்கு மேல் கதவைத் தொடாதீர்கள். மொத்தம் எட்டு மணி நேரத்துக்கு முன்னே பின்னே. ஒன்றரை மணி நேரத்தில் சுடும் ஸ்பீட் சைக்கிள் உண்டு. அதை ஏற்கும் என்று கம்பெனி எழுதித் தந்த டிஸ்க்குக்கும் சிறிய யூனிட்டுகளுக்கும் மட்டும் அது சரி. தடித்த பான்டிக் உள்ள பிரிட்ஜில் வெளிப்புறம் மூடிக்கொண்டு உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். உச்சம் 50 டிகிரி குறைந்தால் வெள்ளையாக, மங்கலாக வரும். கூடினால் முதலில் கண்ணுக்கு இன்னும் பளபளப்பாகத் தெரியும், அதுதான் ஆபத்து. படிகம் பெருத்து, நாளாவட்டத்தில் வாயின் ஈரத்தில் சீரழியும் தன்மை கூடும். “நம்ம உலையில 30 டிகிரி ஏத்தி வெச்சா ஷேட் சூப்பரா வருது” என்பது பெருமைப்பட வேண்டிய ரகசியம் அல்ல.

திரையில் 1530 என்று காட்டினால் உள்ளே 1530 இருக்கிறது என்று பொருள் இல்லை. சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் வயதாக ஆக விலகும். சுடுகளிமண்துறையில் பயன்படும் வெப்ப அளவு வளையங்கள் கிடைக்கின்றன; கிரவுன் தட்டில் ஒன்றை வைத்துச் சுட்டு, மைக்ரோமீட்டரால் விட்டத்தை அளந்து, அட்டவணையில் பார்த்தால் உண்மையான சூடு தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யலாம். ஹீட்டர் கம்பி மாற்றிய பிறகு கட்டாயம். அந்தக் கம்பிகள் பெரும்பாலும் மாலிப்டினம் டைசிலிசைடு. 400 முதல் 600 டிகிரியில் நீண்ட நேரம் நின்றால் அவை மேல் தோல் உதிர்ந்து, மஞ்சள்பச்சைச் சாயத்தைக் கிரவுனில் ஏற்றும். ஏ2 என்ற ஷேட் கேட்டால் இலேசாகப் பச்சையடித்த ஏ2 வரும். மருந்து எளிது: உலையை வெறுமையாக 1450க்கு மேல் ஓட்டினால் கம்பியின் மேல் கண்ணாடித் தோல் மறுபடி உருவாகும். இதே உலையில் கிளேஸ் (பளபளப்புக் கண்ணாடிப் பூச்சு) போடவோ வேறு பீங்கான் சுடவோ கூடாது. தட்டில் கிரவுனை 1, 2 மி.மீ. ஜிர்கோனியா மணிகளின் மேல் வையுங்கள், சுருங்கும்போது மணி உருண்டு இடம் கொடுக்கும். மணி கிரவுனின் உள்ளே மாட்டிக்கொள்ளாமல், கடிக்கும் பக்கம் கீழ்நோக்கி இருக்கட்டும். நீண்ட பிரிட்ஜை மணியில் அழுத்திப் புதைக்காதீர்கள். புதைந்த பகுதி நகராது, மற்றது நகரும், பிரிட்ஜ் வளையும்.

சுட்ட பிறகு தொட வேண்டுமென்றால் தண்ணீர் ஊற்றும் டர்பைன் (அதிவேகக் கைக்கருவி), நுண்ணிய வைர பர், அழுத்தம் இல்லாமல். உலர வைத்து அழுத்தித் தேய்த்தால் பொறி பறக்கும். அந்த இடத்தில் சூட்டில் படிகம் மாறி நுண்விரிசல் ஓடும். கனெக்டரின் ஈறுப் பக்கத்தில் சுழலும் வட்ட பிளேடு வைத்துப் பிரிப்பது பிரிட்ஜை உடைக்கக் கொடுக்கும் முன்பணம். கிளேஸை விட மெருகை நம்புவது நல்லது. நன்றாக மெருகேற்றிய ஜிர்கோனியா எதிர்ப்பல்லின் எனாமலை அதிகம் தேய்ப்பதில்லை. கிளேஸ் சில காலத்தில் தேய்ந்து, அதன் கீழே சொரசொரப்பாக விட்ட பரப்பு வெளியே வந்தால்தான் எதிர்ப்பல் தேயும். எனவே முதலில் ரப்பர் வீல், பிறகு வைரப் பேஸ்ட், அதற்கு மேல் கிளேஸ். டாக்டர் நாற்காலியில் பைட் உயரத்தைக் குறைத்தால் அதே வரிசையில் மறுபடி மெருகேற்ற வேண்டும். சிவப்பு வளைய வைர பரோடு நிறுத்திவிடக் கூடாது.

ஒட்டுவதற்கு முன் உள்பரப்பில் காற்றோடு அடிக்க 50 மைக்ரான் அலுமினாப் பொடி, 1 முதல் 2 பார் அழுத்தம். 5ஒய் என்றால் 1 பாருக்கு மேல் வேண்டாம். ஜிர்கோனியாவில் கண்ணாடி இல்லாததால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அதில் வேலை செய்யாது. ஒட்டுவதைச் செய்வது எம்டிபி என்ற பாஸ்பேட் சேர்மம் உள்ள பிரைமர், அதாவது சிமென்ட்டுக்கு முன் தடவும் திரவம். அதன் பாஸ்பேட் முனை ஜிர்கோனியாவைப் பிடிக்கிறது. ட்ரையல் பார்க்கும்போது எச்சில் பட்டால் எச்சிலில் இருக்கும் பாஸ்பேட்டும் அதே இடங்களைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். பழக்கதோஷத்தில் பல கிளினிக்குகளில் அதைப் பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவுகிறார்கள். அது இன்னும் பாஸ்பேட்டைக் கொண்டுவந்து மீதி இடத்தையும் அடைக்கும். ஜிர்கோனியாவுக்கென்று விற்கும் கிளீனிங் பேஸ்ட் இருந்தால் அது. இல்லையென்றால் அதே 50 மைக்ரான் அலுமினாவை 1 பாரில் பத்து விநாடி அடித்து, கழுவி, எண்ணெயில்லாத காற்றில் உலர்த்தி, பிறகு பிரைமர்.